வெள்ளவத்தையில் ஒரு மைசூர் மசாலா தோசை

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற அந்தச் சைவக்கடைக்கு ஞாயிறு காலையில் போங்கள். கொழும்பில் வேலை செய்யும் சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் அங்கேதான் கூடுவார்கள். "1973 வரை எங்கள் மாநிலத்தின் பெயரே மைசூர், தோசையும் எங்களுடையதுதான்" என்பார் ஒருவர். "1969 வரை நாங்கள் மெட்ராஸ், எங்கள் தோசைக்கு ஊர்ப்பெயரே தேவைப்படவில்லை" என்பார் மற்றவர். பிறகு ஒரே மேசையில் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள்.

மைசூர் மசாலா தோசைதான் இங்கே முதலிடம். கல்லில் வேகும்போதே பூண்டும் செத்தல் மிளகாயும் அரைத்த சட்னியைக் கரண்டியின் அடியால் தேய்த்து, அதன்மேல் கிழங்கு வைக்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. இதில் என் வாக்கு கர்நாடகாவுக்கு. சாம்பாரில் தமிழ்நாடு. வெல்லம் சேர்த்த உடுப்பி சாம்பாரும் உண்டு, எனக்கு இனிப்புக் கூட. புளி தூக்கலான மற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

கோப்பி சுமார், டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது. அப்புறம், தேங்காயும் செத்தல் மிளகாயும் இடித்துச் செய்கிற எங்கள் இடிசம்பலும் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்த இரண்டு பேரும் இன்னொரு கிண்ணம் கேட்டார்கள், எனக்குச் சரியான பெருமை. ஒன்பது மணிக்குப் பிறகு இருக்க இடம் கிடைக்காது.