மாடி ஏறணும், ஆனா போகலாம்: எங்க ஏரியா பிசியோதெரபி கிளினிக்

ஜவுளிக்கடையில் 16 வருஷமா நின்றே வேலை. ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு இடது குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டது. காலையில் முதல் பத்தடிக்குச் சுவரைப் பிடிக்கணும். நரம்புதான் இழுத்திருக்கு என்று ஒரு மாசம் தைலம் தேய்த்தேன், வீண்.

கிளினிக் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கால்வலிக்காரன் எப்படி வருவான் என்று யோசித்தார்களோ இல்லையோ! ஆனால் உள்ளே இருந்த பொண்ணு விவரமானவர். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது நரம்பு இல்ல, அக்கிலிஸ் தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போட சேர்க்கிற நாண். சும்மா ஓய்வெடுத்தா மட்டும் பத்தாது, பாரம் தாங்கப் பழக்கணும்” என்றார்.

படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்கணும். முட்டியை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. லேசாக மடக்கி இன்னொரு மூன்று. காலை, மாலை, 12 வாரம். நாளுக்கு 180! ஸ்வீடன் டாக்டர் அல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறையாம். எலும்போடு ஒட்டுகிற இடத்தில் வலி என்றால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யணுமாம்.

குறை: 10 சிட்டிங் பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். எனக்கு மூன்றே போதுமாக இருந்தது. பயிற்சிக்கென்று அங்கே விற்கிற ரப்பர் பேண்டும் வெளியே பாதி விலை.

இரண்டாம் வாரம் வலி கூடி, விட்டுவிடலாமா என்றிருந்தது. இப்போது ஒன்பதாவது வாரம். சுவரில் என் கைத்தடம் மட்டும் அழுக்காக இருக்கிறது.