கோப்புகளை விலக்க எது சரி: கிட்டா, ஆர்சிங்கா, டாரா?

மொரீஷியஸில் நவம்பர் பிறந்தாலே புயல் காலம். அதற்குள் எங்கள் ரோஸ் ஹில் தமிழ் வகுப்பின் பாடங்களையும் தைப்பூசக் காவடிப் படங்களையும் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, வாக்வாவில் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். கேமராவிலிருந்து இறக்கிய பெரிய படங்கள் கிடக்கும் 'மூலம்' ஃபோல்டர் மட்டும் வேண்டாம், இடத்தை அடைப்பதே அதுதான். ஆனால் யார் யார் காவடி எடுத்தார்கள் என்ற 'பட்டியல்' கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது, அது கட்டாயம் வேண்டும்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டில் (git), எதை விட்டுவிட வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்புதான் கிட்இக்னோர். அதில் இதற்கு 'மூலம்/*' என்று ஒரு வரி ('*' என்றால் உள்ளே இருக்கும் எல்லாம்), அதன் கீழே '!மூலம்/பட்டியல்' ('!' என்றால் இதைத் திரும்பச் சேர்). கடைசியாகப் பொருந்தும் வரி எதுவோ அதன் பேச்சுதான் எடுபடும். கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்கில் (rsync) அப்படியே தலைகீழ்: முதலில் பொருந்துவதோடு கதை முடிந்தது, அதனால் சேர்க்கச் சொல்லும் '+ மூலம்/பட்டியல்' மேலே, விலக்கச் சொல்லும் '- மூலம்/*' கீழே. இத்தனைக்கும் '*' போன்ற குறிகளைப் பெயர்களோடு பொருத்திப் பார்க்கும் வைல்ட்மேட்ச் நிரல் ஆர்சிங்கிலிருந்துதான் கிட்டுக்குப் போனது. 2013இல் வந்த கிட் 1.8.2 பதிப்பில்தான் கிட்இக்னோருக்கு, எத்தனை அடுக்கு ஃபோல்டர்களையும் பிடிக்கும் '**' கிடைத்தது. குறி ஒன்று, வரிசை வேறு. இது தெரியாமல் ஒரு வருடம் கிட் வரிசையையே ஆர்சிங்குக்கும் எழுதிவிட்டேன், பட்டியல் டிஸ்க்குக்குப் போகவே இல்லை, பிறகு காகிதத்தைப் பார்த்து எல்லாப் பெயரையும் மறுபடி தட்டச்சு செய்தோம்.

நட்சத்திரம் இல்லாமல் வெறும் 'மூலம்/' என்று எழுதினால் இரண்டுமே அந்த ஃபோல்டருக்குள் நுழையாது, அப்புறம் பட்டியலை மீட்க வழியில்லை. இன்னொன்று, 'மூலம்/*' என்பதில் நடுவே சாய்கோடு இருப்பதால் கிட் அதை இக்னோர் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து மட்டும் தேடும். ஆர்சிங்கோ எந்த ஆழத்தில் 'மூலம்' இருந்தாலும் பிடித்துவிடும், முதலில் ஒரு சாய்கோடு போட்டால்தான் மேல்மட்டத்தோடு நிற்கும்.

பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் ஜிஎன்யூ டாரில் (tar) விலக்கலாம், ஆனால் விலக்கியதில் ஒன்றை மட்டும் திரும்பச் சேர்க்க '!' மாதிரி எதுவும் இல்லை. அதன் ஒற்றை '*' சாய்கோட்டையும் தாண்டிப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த 'கோவில்' ஃபோல்டரில் 'ோ' என்பது 'ே', 'ா' என இரண்டாகப் பிரிந்து பதிவாகியிருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் நீங்கள் தட்டும் 'கோவில்/' அதோடு பொருந்தாது. 'க*வில்/' என்று எழுதினால் இரண்டு வகையும் சிக்கும்.

நகலெடுக்க என் தேர்வு ஆர்சிங்க்தான். கிட் நிரலுக்கும் பாடங்களுக்கும் நல்லது, ஆனால் ஏற்கெனவே சேர்த்துவிட்ட கோப்பை இக்னோர் வரி எதுவும் செய்யாது. ஆர்சிங்கில் டிரை ரன் இருக்கிறது: எதையும் நகலெடுக்காமல் எது போகும் என்று மட்டும் காட்டும். அதில் 'மூலம்/பட்டியல்' வரியைக் கண்ணால் பார்த்த பிறகே இப்போதெல்லாம் டிஸ்க்கில் எழுத விடுகிறேன்.