சுருக்கிய நினைவகம் ஃப்ரீபிஎஸ்டிக்கு வர மூன்று வழிகள்

4 ஜிபி ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிக்கு, ரிச்சி தெரு முழுவதும் அலைந்தாலும் கூடுதல் ராம் பொருத்த வழியில்லை. சென்னையில் அப்படியொரு கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை ஓட்டும் எனக்கு, அதிகம் தொடப்படாத பக்கங்களை (ராமின் சிறு துண்டுகளை) வட்டுக்குத் தள்ளாமல் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் லினக்ஸின் வசதி மீது நெடுநாள் பொறாமை உண்டு. அதை இங்கே கொண்டுவர மூன்று மாதிரிகள் இருக்கின்றன.

முதலாவது, 2014இல் லினக்ஸ் 3.14 பதிப்பில் சோதனைப் பகுதியிலிருந்து வெளியே வந்த இசட்ராம். ராமில் இடம் போதாத பக்கங்களை வட்டுக்கு மாற்றும் ஸ்வாப்பின் கண்ணுக்கு இது வெறும் வட்டு என்பதால், வட்டுச் சாதனங்களைக் கையாளும் ஃப்ரீபிஎஸ்டியின் ஜியாம் அடுக்கில் ஒரு சாதனமாக எழுதிவிட்டால் நினைவக மேலாண்மையைத் தொடவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஸ்வாப் இடம் காலியானதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இசட்ராமுக்கு அறிவிப்பதால்தான் சுருக்கிய நகல் அங்கே உடனே அழிகிறது. ஃப்ரீபிஎஸ்டியோ, ஸ்வாப்பை இயக்கும்போது ஒருமுறை, அதுவும் நாம் கேட்டால்தான், சாதனத்தைக் காலி செய்யச் சொல்கிறது. பின்னர் விடுவிக்கப்படும் இடங்களைப் பற்றி அதற்குத் தகவல் போவதில்லை. எனவே, ராமை மிச்சம் பிடிக்க வந்த சாதனமே செத்த பக்கங்களால் ராமை அடைத்துக்கொண்டு கிடக்கும். (ஃப்ரீபிஎஸ்டியில் ராமையே வட்டாகக் காட்டும் எம்டி சாதனத்தின் ‘கம்ப்ரஸ்’ தேர்வைக் கண்டு ஏமாற வேண்டாம், ஒரே பைட்டால் நிரம்பிய செக்டார்களைச் சேமிக்காமல் விடுவதுதான் அதன் வேலை.)

2013இல் லினக்ஸ் 3.11இல் சேர்ந்த இசட்ஸ்வாப், உண்மையான ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் தற்காலிகக் கிடங்கு. அதே இடத்தை ஃப்ரீபிஎஸ்டியில் தேடினால் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்பி மீட்கும் ஸ்வாப் பேஜருக்குள்தான் கை வைக்க வேண்டும்; அங்கே எந்தப் பக்கம் எப்போது விடுபடுகிறது என்பது நேரடியாகத் தெரியும். குறை என்னவென்றால், கிடங்கு நிரம்பி வட்டுக்கு எழுத நேரும்போது லினக்ஸில் அது பக்கத்தை மறுபடி விரித்தே எழுதுகிறது.

அதே ஆண்டு வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து மேக் கணினிகள் செய்வது வேறு. அங்கே சுருக்கும் பகுதி ஒரு பேஜராகவே இருக்கிறது. சுருக்கியவற்றைத் தொகுதிகளாகச் சேர்த்து, வட்டுக்கும் சுருக்கியபடியே அனுப்ப முடிகிறது. மேக், ஃப்ரீபிஎஸ்டி இரு கெர்னல்களின் நினைவக அமைப்பும் மாக் என்ற பழைய கெர்னலின் வழி வந்தது என்பதால் உறவு நெருக்கம்தான். ஆனாலும் வேலை மலையளவு.

உரிம வேறுபாட்டால் லினக்ஸ் நிரலை அப்படியே எடுக்க முடியாது, யோசனையை எடுக்கலாம். எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்க நெறிமுறைகள் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் ஏற்கெனவே இருப்பதால், புதிதாக எழுத வேண்டியது ஒழுங்கற்ற அளவுத் துண்டுகளை நெருக்கி அடுக்கும் ஒதுக்கீட்டுப் பகுதிதான். என் தேர்வு, இசட்ஸ்வாப்பின் இடமும் மேக்கின் எழுதும் முறையும். இசட்ராம் வழியை, எந்த நெறிமுறை எவ்வளவு சுருக்குகிறது என்று அளந்து பார்க்கும் வார இறுதிச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.