அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வைஃபை: ஆறு வருடக் கதை

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா 1980களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. கேசட் டெக் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது, ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. அந்த ஸ்பீக்கரில் தவில் கேட்டுப் பார்த்தேன், தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. சரி, பழசுக்கே ஒரு வழி பண்ணுவோம் என்று இறங்கியது 2019இல்.

முதலில் வாங்கியது 600 ரூபாய் புளூடூத் ரிசீவர். சத்தம் மோசம் என்று சொல்ல மாட்டேன், என் காதுக்கு அது போதும். தொல்லை வேறு பக்கம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் வந்தால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து 'டிங்' என்று அலறும். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும், மாடிக்குப் போனால் நின்றே போகும். தம்பியின் போன் ஒட்டிக்கொண்டால் என் போன் ஒட்டாது, அவன் அறைக்குப் போய் அவனை எழுப்பித்தான் விடுவிக்க வேண்டும். போதாததற்கு அதை டிவியின் யுஎஸ்பியில் சொருகியிருந்தேன், எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். டிவிக்கு வருகிற கேபிள் ஒரு கிரவுண்ட் (எர்த்), ஆம்ப்ளிஃபயர் இன்னொரு கிரவுண்ட், இரண்டும் ஒயர் வழியாகச் சுற்றிச் சேர்ந்தால் இப்படித்தான் இரையும். தனி சார்ஜருக்கு மாற்றியதும் நின்றது. உங்கள் செட்டிலும் இரைந்தால் முதலில் இதைப் பாருங்கள், ரிசீவரைத் திட்டாதீர்கள்.

பழைய ஸ்பீக்கரில் வைஃபை வழியாகப் பாட்டு போடுகிற குரோம்காஸ்ட் ஆடியோ வாங்கலாம் என்று போனால், கூகுள் அதை அந்த வருட ஜனவரியிலேயே நிறுத்திவிட்டிருந்தது. அப்புறம்தான் ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குட்டிக் கணினி போர்டு, வைஃபை உண்டு, ஆனால் ஹெட்போன் ஓட்டை கிடையாது. அதனால் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றித் தருகிற, பிசிஎம்5102 சிப் வைத்த டாக் (DAC) போர்டு ஒன்று. மெமரி கார்டு, அடாப்டர், ஒயர் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது, முக்கால்வாசி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. இந்த டாக் போர்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: எஸ்சிகே (SCK) என்று எழுதியிருக்கும் முனையை கிரவுண்டோடு சேர்த்து சால்டர் வைக்க வேண்டும். வைக்காமல் நான் இரண்டு நாள் சத்தமே வராத பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த கூத்து பிளக்கில். அந்தக் கால ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு வெள்ளை ஓட்டைகள் இல்லை, ஐந்து முள் வைத்த வட்டமான டின் (DIN) சாக்கெட்தான். அதில் 1, 4 கேசட் டெக்குக்குப் பதிவு செய்ய வெளியே அனுப்புகிற முட்கள். உள்ளே வாங்குவது 3உம் 5உம், நடுவில் இருக்கும் 2 கிரவுண்ட். நான் முதலில் 1இலும் 4இலும் வைத்துவிட்டேன். சரியாக மாற்றிய பிறகோ எதிர்ப்பக்கம் சிக்கல். வால்யூம் குமிழை எள்ளளவு திருப்பினாலே ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தெருமுனை ரேடியோ மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். "டெக் இதுக்கு அரை வோல்ட்கூட குடுக்காது தம்பி, உங்க பெட்டி ரெண்டு வோல்ட்டுக்கு மேல தள்ளுது" என்றார். இடது, வலது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெசிஸ்டர் வைத்து சிக்னலைக் குறைத்துக் கொடுத்தார், இருபது நிமிட வேலை. காசு வாங்க மறுத்துவிட்டார், டீ மட்டும்.

மென்பொருள் இரண்டு பார்த்துவிட்டேன். முதலில் போட்ட மூட் ஆடியோ நன்றாகவே ஓடியது. ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. இரண்டாவது வருட மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் நாலைந்து தடவை அப்படிப் போய், கடைசியில் மெமரி கார்டு படுத்துவிட்டது. அதன்பின் பைகோர்பிளேயர். இது துவங்கியதும் முழுவதும் ராமிலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) ஓடுகிறது, கார்டில் சும்மா சும்மா எழுதிக்கொண்டிருப்பதில்லை, அதனால் சுவிட்சை நேராக அணைத்துவிடலாம். நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதே கார்டுதான். பாட்டை எடுத்துக்கொடுக்கிற சர்வர், முன்பு லாஜிடெக் கம்பெனியின் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுக் கருவிகளுக்கு வந்தது. கருவிகளை அவர்கள் 2012இல் கைவிட்டும் சர்வரை ஆர்வலர்கள் விடவில்லை, இப்போது லிரியன் என்ற பெயரில் ஓடுகிறது. பென்டிரைவில் இருக்கும் பாட்டு, இணைய வானொலி இரண்டும் அதிலேயே வரும். ஸ்பாட்டிஃபைக்குத் தனி பிளக்இன் உண்டு, பிரீமியம் கணக்கு வேண்டும். போன் இங்கே வெறும் ரிமோட்தான். போனை அணைத்தாலும் பாட்டு பாட்டுக்கு ஓடும்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். சுவிட்சைப் போட்டால் ஆகாசவாணி தானாகப் பாடுகிற மாதிரி வைத்துவிட்டேன். பெட்டி எழுந்திருக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அவர் அடுப்பில் பால் வைத்துவிட்டு வருவார். ஒரே குறை, இணையத்தில் வருவது நேரடி ரேடியோவைவிடச் சில நொடி பிந்தி வரும். சமையலறை டிரான்சிஸ்டரும் ஹாலும் சேர்ந்து ஓடினால் ஒரே செய்தியை இருவர் முன்னும் பின்னுமாகப் படிப்பார்கள். "எது நிஜம்டா?" என்று இப்போதும் கேட்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பை ஸீரோவின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், அதை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வரை பாட்டு திக்கித் திக்கி வந்தது. பீரோவுக்கு மேலே தூக்கி வைத்ததும் சரி. ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தால் பட்டியல் போடத் திணறும். இன்று புதிதாக வாங்குவதென்றால் இதற்கு அடுத்து வந்த ஸீரோ 2 டபிள்யூ எடுப்பேன். சால்டரிங் கம்பியே பிடித்திராதவர்கள் விம் மினி மாதிரி ரெடிமேட் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், காசு கூடுதல், ஆனால் எஸ்சிகே தொல்லை கிடையாது.

இப்போது வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. அது அப்பா காலத்துத் தூசி, வைஃபை மேல் பழி போட முடியாது. மெக்கானிக் ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போக வேண்டும்.