பிளாஸ்மா ஃபோகஸ்: லீ மாதிரியா, காந்தப்பாய்ம நிரலா?

பிளாஸ்மா ஃபோகஸ் என்பது மின்தேக்கியின் பெரும் மின்னோட்டத்தால் பிளாஸ்மாவை (அயனியாக்கப்பட்ட வாயுவை) ஒரு கணம் இறுக்கும் கருவி. அதைக் கணினியில் கணிக்க, வியாசர்பாடியில் முதுநிலை இயற்பியல் படிப்பவர் லீ மாதிரி என்ற எளிய கணித மாதிரியில் தொடங்குவதே நல்லது. எக்செல் தாளிலேயே ஓடும் அதில் 30 மைக்ரோஃபாரட், 15 கிலோவோல்ட் என்று மின்தேக்கியின் அளவுகளைக் கொடுத்து, வாயுவின் நிறையிலும் மின்னோட்டத்திலும் எவ்வளவு பங்கு பயன்படுகிறது என்பதைக் குறிக்கும் நான்கு பின்னங்களைத் திருத்தித் திருத்தி, கணித்த மின்னோட்ட வளைகோட்டை, பிஞ்ச் (பிளாஸ்மா இறுகும்) நேரத்துச் சரிவு உட்பட, ஆய்வகத்தில் அளந்த வளைகோட்டோடு பொருத்தலாம்.

பிளாஸ்மாவைக் காந்தப்புலத்துக்கு உட்பட்ட பாய்மமாகக் கருதும் காந்தப்பாய்ம இயக்கவியல் நிரலோ அதைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால், லீ மாதிரிக்குத் தெரியாத ரேலி-டெய்லர் நிலையின்மையையும் (கனமான பாய்மத்தை இலேசானது தள்ளும்போது எல்லை குலைவதையும்) பிளாஸ்மாத் தூண் இடையிடையே இறுகுவதையும் காட்டும். ஆனால் நெடுநேரம் ஓடும். இடைநிலைச் சேமிப்பு இல்லாமல் வீட்டு மேசைக்கணினியில் ஓட்டினால், கோடை மின்வெட்டில் எல்லாம் வீண்.

டியூட்டீரியம் வாயு நிரப்பினால் அணுக்கரு இணைவால் வரும் நியூட்ரான் விளைச்சலைக் கணிப்பதில் இரண்டுமே தடுமாறும்: பிஞ்சில் முடுக்கப்படும் அயனிக் கற்றையின் பங்கை லீ மாதிரி அளவீடுகளுக்கு ஒத்திசைத்த சூத்திரமாகவே சேர்க்கிறது, வழக்கமான பாய்ம நிரலில் அக்கற்றையே இல்லை.