பழைய அம்பாசடருக்குப் பெரிய காலிப்பர் போடக் கொடுக்குறவங்க இத படிச்சுட்டு கொடுங்க

அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய வண்டி வச்சிருக்கவங்க யாராச்சும் டிரம் பிரேக்க தூக்கிட்டு டிஸ்க் பிரேக் போடலாம், அதுலயும் காலிப்பர் (சுத்தற டிஸ்க்க ரெண்டு பக்கமும் பேட்டால கவ்விப் புடிக்கற பாகம்) பெருசா போடலாம்னு யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இத முழுசா படிங்க. சேலம் பக்கம் ஒரு ரெஸ்டோரேஷன் கடைல என் வண்டிக்கு இந்த வேலைய செஞ்சு 70,000 ரூபாய்க்கு மேல வாங்குனாங்க, அந்த வண்டில ஏற்காடு எறங்கும்போது பிரேக் சுத்தமா போயிடுச்சு, உள்ள என் மனைவியும் அம்மாவும் இருந்தாங்க. கடை பேரு போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால போடல.

வண்டி 1986 மார்க் 4, அப்பா வாங்குனது. நாலு வீலும் டிரம். ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணி வச்சா ஊருக்குள்ள அந்த டிரம்மே நல்லாதான் புடிக்கும், நீளமா மலை எறங்குனா சூடாகி பிடிமானம் கொறையும், அதுக்குதான் மாத்தலாம்னு போனேன். மொதல்ல காலிப்பர் உள்ள பேட்ட தள்ளற பிஸ்டன் 48 எம்எம் இருக்கற செட்டுனு பேசுனாங்க. அப்பறம் ஓனரே ஃபோன் பண்ணி "சார், பெரிய எஸ்யூவியோட 54 எம்எம் காலிப்பர் புதுசு வந்துருக்கு, அத போட்டா பிரேக் டபுளா புடிக்கும் சார்"னு சொல்லி கூட 15,000 கேட்டு வாங்குனாரு.

டபுள்ங்கறதே பொய். பிஸ்டன் பரப்ப வச்சு கணக்கு போட்டா 48க்கும் 54க்கும் வித்தியாசம் சுமார் 27 சதவீதம், அவ்ளோதான். அந்த 27 சதவீதமும் சும்மா வராது, பேட் அதே தூரம் நகர அதே அளவுக்கு ஆயில் அதிகமா தள்ளணும், அத தள்ள வேண்டியது பெடல மிதிச்சா வேலை செய்யற மாஸ்டர் சிலிண்டர். பெரிய காலிப்பர் போட்டா மாஸ்டரும் அதுக்கு ஏத்த சைஸ்ல மாத்தணும், மாஸ்டர் பெருசானா பெடல் கல்லு மாதிரி ஆகும், அதுக்கு கால் பலத்த கூட்டித் தர்ற வேக்யூம் பூஸ்டர் வேணும். டிரம்ல ஷூ சுத்தற டிரம்மோடயே இழுபட்டு தானா இறுக்கிக்கும், டிஸ்க்ல அந்த உதவி கெடையாது, எல்லாம் நம்ம கால் பலம்தான். இந்தக் கடைல பழைய டிரம் மாஸ்டர அப்படியே விட்டுட்டு பூஸ்டரும் போடாம ரெண்டு காலிப்பர மட்டும் மாட்டி செவப்பு பெயிண்ட் அடிச்சு கொடுத்திருக்காங்க.

வண்டி எடுத்த அன்னிக்கே பெடல் முக்கால்வாசி கீழ போச்சு. கேட்டா "பேட் படியட்டும் சார், செட் ஆயிடும்"னாங்க. ஹைவேல ஓட்டுனா வண்டி பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரி ஓடுச்சு, நிறுத்துனா முன் வீல்லருந்து கருகுன வாசன, ரிம்ம தொட முடியல. திரும்ப கொண்டு போனேன், பிரேக் லைன்ல நின்ன ஏர எடுத்துட்டோம் இனி பிரச்சன இல்ல, மலைக்கே போலாம்னு ஓனர் வாயாலயே சொன்னாரு.

ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. பாதி எறங்கறதுக்குள்ள பெடல் பஞ்சாயிடுச்சு, அடுத்த வளைவுல மிதிச்சா தரைய தொட்டுச்சு. ஃபர்ஸ்ட் கியர போட்டு ஹேண்ட் பிரேக்க இழுத்து மலை ஓரமா சாச்சு நிறுத்துனேன். பள்ளம் அந்தப் பக்கம் இருந்துச்சு. அம்மாவுக்கு அதுக்கப்பறம் ரொம்ப நேரம் கை நடுக்கம் நிக்கல. இத எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

அப்பறம் ஊர்ல அம்பாசடர் வேலைலயே பழுத்த ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன், அவரு பிரிச்சு ஒவ்வொண்ணா என் கையில கொடுத்து காட்டுனாரு. டிரம்முக்கு வர்ற மாஸ்டர் உள்ள ஒரு சின்ன வால்வ் இருக்கும், லைன்ல எப்பவும் 10 பிஎஸ்ஐ கிட்ட பிரஷர புடிச்சு வைக்கும், டிரம்முக்கு அது வேணும், ஷூவ இழுக்க ஸ்பிரிங் இருக்கறதால ஒண்ணும் ஆகாது. டிஸ்க்ல இழுக்க ஸ்பிரிங் கெடையாது. 54 எம்எம் பிஸ்டன்ல அந்த 10 பிஎஸ்ஐயே சுமார் 16 கிலோ அழுத்தம், அதாவது பெடல்ல காலே வைக்காம பேட் டிஸ்க்க ஒரசிட்டே வந்திருக்கு. காலிப்பர் பெருசாக பெருசாக அந்த ஒரசலும் கூடும். அந்த சூட்டோட மலை எறக்கத்து சூடும் சேர்ந்து ஆயில் கொதிச்சு ஆவியாகிடுச்சு, ஆவி அமுங்கும், அதான் பெடல் பஞ்சாச்சு. டாட் 3ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தாதான் 205 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்துட்டா 140லயே கொதிக்கலாம்.

இதோட முடியல. லெஃப்ட் காலிப்பர ரைட்லயும் ரைட்ட லெஃப்ட்லயும் மாட்டியிருந்தாங்க, அதனால ஏர் எடுக்கற நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துடுச்சு, ஏர் மேலதான நிக்கும், அப்பறம் எத்தன தடவ எடுத்தாலும் எப்படி வரும். காலிப்பர் மாட்டற பிராக்கெட் கேஸ் கட்டிங்ல வெட்டுன சாதா இரும்பு பிளேட், போல்ட் தலைல அதோட பலத்த காட்டற 8.8, 10.9 மாதிரி எந்த நம்பரும் இல்ல. புதுசுனு காசு வாங்குன காலிப்பர்ல பெயிண்ட்ட சொரண்டுனா துரு, பிஸ்டன்லயும் துரு. பழைய சாமான விக்கறது தப்பில்ல, புதுசுனு சொல்லி வித்ததுதான் மோசடி.

ஓனர்கிட்ட ஃபோட்டோ எல்லாம் அனுப்புனேன். "நீங்க மலைல பிரேக்க மிதிச்சுட்டே எறங்கியிருப்பீங்க"னு ஒரு பதில், அதுக்கப்பறம் ஃபோன் எடுக்கல. பில்லுல "பிரேக் அப்கிரேட்"னு ஒரே வரி, எந்தப் பார்ட், என்ன நம்பர்னு ஒண்ணும் கெடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் போட்டிருக்கேன், பில்லு, வாட்ஸாப் மெசேஜ், பிரிச்ச சாமான் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். நாம கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்புட்டா வழி சொல்வாங்க.

நீங்க கொடுக்கறதா இருந்தா மாஸ்டர் என்ன சைஸ், உள்ள அந்த வால்வ எடுத்தாச்சா, பூஸ்டர் உண்டா, பிராக்கெட் எதுல செஞ்சது, பின் பிரேக் பேலன்ஸுக்கு என்ன பண்றீங்க, இத எழுத்துல கேளுங்க. முன்னாடி மட்டும் பலமா புடிச்சா மழைல முன் வீல் லாக் ஆகி ஸ்டீரிங் கேக்காது. பதில் சொல்லாம மழுப்புனா சாவிய வாங்கிட்டு வந்துடுங்க. ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டுலயும் இந்த மாற்றம் பத்தி முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஏற்கனவே இந்த மாதிரி செஞ்சு ஓட்டிட்டு இருக்கீங்கன்னா இன்னிக்கே முன் வீல ஜாக்கில தூக்குங்க, பெடல ஒரு தடவ மிதிச்சு விட்டுட்டு கையால சுத்துங்க. லேசா ஒரசுறது சகஜம், ஆனா வீல் இறுகி நின்னா அந்த வண்டிய மலைக்கு எடுக்காதீங்க.