'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற வேக்யூம் முனை செட்: 6,850 ரூபாய் கொடுத்து நான் பட்டது

முகநூலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோவைப் பற்றி எழுதுகிறேன். பழுப்பு நிற கார் சீட், அதன் இடுக்கில் கொட்டிக் கிடக்கும் அரிசி. ஒரு கை வந்து மெல்லிய முனையை வைத்ததும் அரிசி முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும். கீழே '22 துண்டுகள், எல்லா வேக்யூம் கிளீனருக்கும் பொருந்தும், சாமான் கைக்கு வந்த பிறகு காசு' என்று இருக்கும். அதை நம்பி 6,850 ரூபாய் கொடுத்தேன். அப்புறம் வீட்டு வேக்யூமைத் திருத்த 4,500. வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் இதை வாசித்துவிட்டு யோசியுங்கள்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொயோட்டா அக்வா, ஹைபிரிட் கார். வீடு கொழும்பு வெள்ளவத்தையில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கல்கிசைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தால் காருக்குள் பாதிக் கடற்கரை வந்துவிடும். சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் பெரிய குழாயால் நாலு இழுவை இழுத்துவிட்டுத் தந்துவிடுவார்கள். சீட் ஓடும் தண்டவாளத்துக்குள் கிடக்கும் மணல் அப்படியே இருக்கும், சீட்டை முன்னுக்குத் தள்ளினால் 'கர்ர்' என்று சத்தம் கேட்கும். இன்னொரு கவலையும் எனக்கு இருந்தது. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பின்சீட்டை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காருக்குள் இருக்கிற காற்றை இழுக்கிறது. அதில் தூசியும் தலைமயிரும் அடைத்தால் பற்றரி சூடேறும். பற்றரி போனால் என்ன செலவு என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் வீட்டிலேயே ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். எண்ணம் சரி. வாங்கிய இடம்தான் பிழை.

வாங்குவதற்கு முன் நான் ஒன்றும் கேட்காமல் விடவில்லை. எங்கள் வேக்யூமைப் படம் எடுத்து அனுப்பி, இதற்குப் பொருந்துமா என்று கேட்டேன். அனுப்பி இரண்டு விநாடி இருக்காது, சிங்களத்தில் குரல் பதிவு வந்தது: "ஒக்கோட்டம ஹரியனவா." எல்லாவற்றுக்கும் சரிவருமாம். படத்தைத் திறந்து பார்க்கக்கூட இரண்டு விநாடி போதாது என்பது இப்போது புரிகிறது. நல்லாய் இழுக்குமா என்று கேட்டேன். 'இந்த முனைக்கு 15,000 பாஸ்கல்' என்று பதில்.

அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். முனை எதையும் இழுக்காது. அது வெறும் பிளாஸ்டிக். இழுப்பது பெட்டிக்குள் இருக்கும் மோட்டர். பாஸ்கல் என்பது உறிஞ்சும் அழுத்தத்தின் அளவு, அதுவும் அந்த மோட்டருக்குரிய கணக்குத்தான், பெரும்பாலும் குழாய் வாயை முழுக்க அடைத்து, காற்றே ஓடாத நிலையில் எடுக்கும் அளவு. முனைக்குப் பாஸ்கல் சொல்வது, கரண்டிக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்று சொல்வதைப் போன்றது. ஆனால் எண் பெரிதாக இருந்தது, நானும் சரி என்று விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கூரியர் தம்பி வந்தார். காசு கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம் என்றார். அவரில் குற்றம் இல்லை, அவருக்குச் சொல்லப்பட்ட விதி அது. 'கைக்கு வந்த பிறகு காசு' என்றால் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் ஒட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

பிரித்து எண்ணினேன். 22 இருந்தது, பொய் இல்லை. அதில் அடப்டர் 4, ரப்பர் வளையம் 3, பிளாஸ்டிக் கிளிப் 2, துடைக்கிற துணி 1, போட்டு வைக்கிற பை 1. மிச்சம் 11. அந்தப் 11இல் நீட்டுக் குழாய் ஒன்று, பேனாவை விடக் கொஞ்சம் தடிப்பான மெல்லிய குழாய்கள் 4, பிரஷ் 3, இடுக்கு முனை 2, சுழலும் பிரஷ் 1. வீடியோவில் சீட்டை அழகாகத் துடைத்துக்கொண்டு போன அகல முனை, அதற்காகத்தான் நான் வாங்கினேன், அது பெட்டியில் இல்லவே இல்லை. பிரஷ்ஷும் வேறு. வீடியோவில் மேக்கப் பிரஷ் போல மெதுமையாக வளைந்தது, எனக்கு வந்தது சட்டி தேய்க்கிற பிரஷ். அதைக் கியர் பக்கத்தில் இருக்கும் பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு முறை இழுத்தேன். நேராக ஐந்து கோடு. இன்றைக்கும் வெயில் பட்டால் தெரிகிறது.

அடப்டர் கதைக்கு வருவோம், ஏனென்றால் மோசடி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வீட்டு வேக்யூம்களில் குழாயின் முனை பொதுவாக 32 மில்லிமீற்றர் அல்லது 35 மில்லிமீற்றர் வரும். பட்டறைகளில் வைத்திருக்கும் பெரிய டிரம் மெஷின்களுக்கு இன்னும் பெரிது. இதோடு இன்னொரு விஷயம், முனை குழாய்க்கு வெளியே ஏறி உட்காருமா, உள்ளே செருகுமா என்பது. வெளிவிட்டமா உள்விட்டமா என்று சொல்லாமல் '32, 35' என்று மட்டும் போட்டால் அது அளவே இல்லை. எனக்கு வந்த நாலு அடப்டரில் இரண்டு ஏறவில்லை, ஒன்று ஏறி ஆடியது, ஒன்று எதற்கு என்றே விளங்கவில்லை. ஆடியதை இன்சுலேஷன் டேப் சுற்றி இறுக்கினேன். இணைப்பில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. சுழலும் பிரஷ்ஷுக்குத் தனி மோட்டர் கிடையாது, உள்ளே ஓடும் காற்று சின்னச் சில்லு ஒன்றைத் தள்ளுவதால்தான் அது சுற்றும். கசிந்தால் எங்கே சுற்றும்? கையால் சுழற்றிவிட்டேன், இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

சரி, மெல்லிய குழாய்களையாவது பயன்படுத்துவோம் என்று சீட் தண்டவாளத்துக்கு அதை எடுத்தேன். நாலையும் ஒரு தலையில் செருக வேண்டும். போட்டதும் வேக்யூமின் சத்தம் மாறியது, கீச்சென்று மேலே போனது. நன்றாக இழுக்கிறது போலும் என்று சந்தோஷப்பட்டேன். பத்து நிமிடம் இருக்கும், கருகல் மணம் வந்தது. அதோடு மெஷின் நின்றுவிட்டது. மனைவி மேலே பல்கனியில் இருந்து, "என்னப்பா எரியுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேக்யூமைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருப் பக்கம், ஓர் ஒழுங்கைக்குள் மோட்டர் திருத்துகிற ஒரு நானா இருக்கிறார். மெஷினைப் பார்க்க முதல் அந்த மெல்லிய குழாய்களைத்தான் கையில் எடுத்தார். மேசையில் கிடந்த வேர்னியரை வைத்து அளந்தார். உள்ளே 8 மில்லிமீற்றர்.

"உங்கட பைப்புக்கு உள்ளுக்கு எவ்வளவு, தம்பி?"

"முப்பத்திரண்டு இருக்கும் நானா."

"அப்ப கணக்குப் போடுங்க."

நான் நாலில் ஒன்று என்றேன். அவர் சிரித்துவிட்டு, விட்டத்தை அல்ல, காற்றுப் போகிற வாயைக் கணக்குப் பாருங்கள் என்றார். விட்டம் நாலில் ஒன்றானால் வாய் பதினாறில் ஒன்றாகிறது. நாலு குழாயையும் சேர்த்தால்கூட மொத்தம் கால்வாசிதான். அதிலும் ஒல்லிக் குழாயின் சுவரில் உரசி உரசிக் காற்று இன்னும் குறையும். எங்கள் வீட்டு மெஷின் உலர்ந்த தூசிக்கு மட்டும் ஆனது. அந்த வகையில் உறிஞ்சி வரும் காற்றே மோட்டருக்கு மேலால் ஓடி அதைக் குளிரவைத்துவிட்டு வெளியே போகிறது. காற்றை அடைத்தால் குளிர்ச்சியும் போச்சு. சத்தம் கீச்சென்று ஏறியது, மோட்டர் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சும்மா வேகமாகச் சுற்றியதால். நான் பலம் என்று நினைத்தது அதைத்தான். ஈரமும் உலர்வும் இரண்டையும் இழுக்கும் டிரம் மெஷின்களில் மோட்டருக்கென்று தனி விசிறி இருப்பதால் அவை இதைக் கொஞ்சம் தாங்குமாம்.

"இது முனை இல்ல தம்பி, மூக்கடைப்பு" என்றார் நானா. மோட்டர் எரியவில்லை, வெப்பத்தில் வெட்டிவிடும் ஃபியூஸ் போயிருந்தது. அதையும் பெயரிங்கையும் மாற்றி, பில்டரைத் தட்டிக் கழுவித் தந்து 4,500 எடுத்தார். அந்தக் காசு எனக்கு வலிக்கவில்லை, அவர் சொல்லித் தந்ததற்கே அது போதும்.

விற்றவர்களிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். முதல் நாள் 'உங்கள் மெஷின் பழையது' என்றார்கள். அகல முனை எங்கே என்று கேட்டேன், 'ஸ்டொக் மாறிவிட்டது' என்றார்கள். காசைத் திருப்பித் தாருங்கள் என்றதும் வாட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணிவிட்டார்கள் போலும், அவர்களுடைய படம் மறைந்துவிட்டது. பதிவின் கீழே கருத்து எழுதினேன், பத்து நிமிடத்தில் மறைந்தது. அதற்குக் கீழே இருந்த 'சூப்பர், நன்றி' எல்லாம் அப்படியே இருந்தன.

இப்படியான விஷயங்களுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் யாருக்கு எதிராக என்று எழுதுவது? என் பெட்டியில் பில் இல்லை. கடைப் பெயர் இல்லை. கூரியர் துண்டில் அனுப்புநர் என்ற இடத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும், அதுவும் இப்போது வேலை செய்யவில்லை. ஆகவே முனையைப் பற்றிக் கேட்பதற்கு முன் பில் தருவீர்களா, கடை எங்கே என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

பிறகு நான் வேக்யூமின் குழாயை மட்டும் கழற்றி ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, நானா காட்டிய கடைக்குப் போனேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கடைக்காரர் சிரிக்கவில்லை, வாங்கி ஒவ்வொரு முனையாகச் செருகிப் பார்த்தார். மூன்றே மூன்று சாமான், மொத்தம் 2,100 ரூபாய். உள்ளங்கை அகல சீட் முனை ஒன்று, அடியில் நூல் பிடிக்கும் சிவப்புப் பட்டியோடு. நீளமான தட்டை இடுக்கு முனை ஒன்று. முடி மெதுவான வட்டப் பிரஷ் ஒன்று, வாங்க முதல் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், குத்தினால் கார் பிளாஸ்டிக்கையும் குத்தும்.

இந்த மூன்றிலேயே வேலை முடிகிறது. கடல் மணலுக்குச் சூட்சுமம் முனையில் இல்லை, தட்டுவதில் இருக்கிறது. கால்மிதியை வெளியே எடுத்து உதறிவிட்டு, கார்ப்பெட்டை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் சீட் முனையை மெதுவாக இழுத்தால், ஆழத்தில் கிடக்கும் மணல் மேலே துள்ளி வருகிறது. தண்டவாளத்துக்குச் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி முன்பக்கம், பிறகு முன்னுக்குத் தள்ளிப் பின்பக்கம், இரண்டு தடவையும் இடுக்கு முனை. அந்தப் பற்றரித் துவாரத்துக்கும் ஏசி வாய்களுக்கும் வட்டப் பிரஷ் போதும், அழுத்தவே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு உள்ள வயர்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் முனையைத் திணிக்காதீர்கள். அது எயார்பேக் வயர். அந்த மெல்லிய குழாயை நான் உள்ளே விட்டு ஆட்டியபோது அதில் கொளுவி இழுபட்டது, நல்ல வேளை கழரவில்லை. கழன்றிருந்தால் டாஷ்போர்டில் எயார்பேக் விளக்கு எரிந்திருக்கும், அதற்கு வேறு காசு கட்ட வேண்டும்.

ஒன்லைனில்தான் வாங்க வேண்டி இருந்தால், அடப்டரின் வாயில் அடிமட்டத்தை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாமானைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு அரை நிமிட வேலை. அதே பழுப்பு சீட், அதே அரிசி வீடியோ போன கிழமை வேறு பெயரில் வந்தது, இந்த முறை 26 துண்டுகள். மனைவியின் போனிலிருந்து அந்தப் படத்தைக் கேட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்து நாலு நாளாகிறது.